கடலின் பாரமும் கடலடி வாயுவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

மெரினாவின் தென்கோடியில் 1977-ஆம் ஆண்டு முதல் ஒளி வீசி வரும் கலங்கரை விளக்கத்தை நாம் யாவரும் அறிவோம். அதன் உயரம் ஏறக்குறைய 45 மீட்டர். அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் சற்று மேலான நீர்மட்டம், இன்றைக்கு 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்களில் குறைவாக இருந்தது. அந்த நீர் எங்கும் மறைந்துவிடவில்லை. வட அமெரிக்காவின் மீதும் வட ஐரோப்பாவின் மீதும் கிலோமீட்டர் கணக்கான தடிப்பில் பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த அக்காலத்தில் பாக் நீரிணை தரையாக இருந்தது. மயிலாப்பூரில் அன்று ஒருவர் நின்றிருந்தால் கடல் அவர் கண்ணுக்கு எட்டியிருக்காது.

இவ்விடத்தில் கடல்கோளும் குமரிக்கண்டமும் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிப் பேசத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வேதியியல் மாணவி அதில் தலையிடுவது முறையன்று. நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. 120 மீட்டர் நீர் என்பது ஒரு சுமை. பத்து மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆக, கடலடித் தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதிருந்தும் ஏறத்தாழ 12 கிலோகிராம் பாரம் தூக்கப்பட்டுவிட்டது; பின்பு பனி உருகியபோது, 7,000 ஆண்டுகளுக்கு முன் வரையிலான காலத்தில், அதே பாரம் மீண்டும் ஏற்றப்பட்டது. கடலடிச் சேற்றுக்குள் வாயு அடைபட்டிருக்குமானால் இந்த இறக்குதலும் ஏற்றுதலும் அதை என்ன செய்யும்?

சேற்றில் பிறக்கும் வாயு

அடையாற்று முகத்துவாரத்தில், நீர் வற்றிய நேரத்தில் கரிய சேற்றில் ஒரு கோலை ஊன்றி எடுத்தால் சிறு சிறு குமிழிகள் வருவதைக் காணலாம். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுக்கு உரியது. ஆயினும் இத்தகைய சேற்றில் நாற்றமில்லாத மற்றொரு வாயுவும் உண்டு. அதுவே மீதேன். 1776-இல் இத்தாலி நாட்டு வோல்டா மாஜியோரே ஏரியின் சதுப்பில் இந்த வாயுவைச் சேகரித்து, அது எரியும் தன்மையுடையது என்று காட்டினார். இலையும் தழையும் பாசியும் மண்ணில் புதைந்து, ஆக்சிஜன் புகாத இடத்தில் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படும்போது மீதேன் பிறக்கிறது. ஆற்றுவாயில் நடப்பதுவே ஆழ்கடலிலும் நடக்கிறது. அங்கே சேறு பல கிலோமீட்டர் தடிப்புக்குப் படிந்திருக்கும், அவ்வளவே.

ஆழத்திலிருந்து வாயு மேலே வரும் வழிகளில் கடலடித் தரை வெடித்தும் துளைத்தும் குமிழிகளை விடுகிறது. இதனையே கடலடி வாயுக் கசிவு என்கிறோம். கடல்மட்டம் இக்கசிவை மாற்றும் என்பதற்கு லட்சம் ஆண்டுக் கதைகளுக்குப் போக வேண்டியதில்லை; ஒரு நாளின் ஏற்றவற்றமே போதும். கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில், 67 மீட்டர் ஆழத்தில் இயற்கையான வாயு ஊற்று ஒன்று உள்ளது. அதன்மீது 30 மீட்டருக்கு 30 மீட்டர் அளவுள்ள இரண்டு எஃகுக் கூடாரங்களைக் கவிழ்த்து வைத்து, வரும் வாயுவைக் குழாய் வழியே கரைக்குக் கொண்டு வந்தார்கள். ஒன்பது மாத அளவீட்டை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவு இது: கடல் ஒரு மீட்டர் உயரும்போது வாயுவின் வரத்து நூற்றுக்கு 1.5 முதல் 2.2 பங்கு குறைகிறது. நீர் வற்றும்போது கூடுகிறது. சென்னையிலும் பெரிய ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். எங்கள் குப்பத்தில் பெரியவர்கள் ஏத்தம், வத்தம் என்று சொல்லும் அதே ஒரு மீட்டரை, உலகின் மறுகோடியில் கடலடி வாயு ஊற்று ஒன்று நாள்தோறும் உணர்ந்து அடங்கியும் எழுந்தும் வருகிறது.

எரியும் பனி

ஆழ்கடலில் கதை இவ்வளவு எளிதன்று. அங்கே வாயு வெறும் குமிழியாக இல்லை. திடப்பொருளாக மாறி நிற்கிறது. இதற்கு மீதேன் ஹைட்ரேட் என்று பெயர். நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கூண்டுகளாக அமைகின்றன; ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு மீதேன் மூலக்கூறு அடைபடுகிறது. 46 நீர் மூலக்கூறுகளுக்கு எட்டுக் கூண்டுகள். நீருக்கும் மீதேனுக்கும் இடையில் இங்கே வேதிப் பிணைப்பு ஏதுமில்லை. கூண்டை உடைத்தால் கிளி பறந்துவிடும்.

இத்தகைய சேர்மங்களைச் சர் ஹம்ஃப்ரி டேவி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குளோரினைக் கொண்டு கண்டார். நூறாண்டுக்கு மேலாக அது ஆய்வுக்கூட வேடிக்கையாகவே இருந்தது. 1934-இல்தான் அமெரிக்க வாயுக் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தது வெறும் பனிக்கட்டி அன்று, ஹைட்ரேட்டே என்று ஹாமர்ஷ்மிட் என்பவர் காட்டினார். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டைக் கரைத்தால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 164 கன மீட்டர் மீதேனும் 0.8 கன மீட்டர் நீரும் கிடைக்கும். தீக்குச்சியைக் காட்டினால் பனிக்கட்டி எரிவது போலவே இருக்கும்.

ஹைட்ரேட் நிலைத்திருக்க இரண்டு வேண்டும்: மிகுந்த அழுத்தம், குறைந்த வெப்பநிலை. லீ சாட்டலியர் கொள்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் இதை எளிதில் ஊகிப்பார்கள். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி கழுத்தில் இறுகி நிற்கும்வரை வாயு அடங்கியிருக்கும். கட்டை விரலால் அழுத்திய மறுகணம் பொங்கும். வெயிலில் வைத்த சோடா இன்னும் அதிகமாகப் பொங்கும் என்பதும் நாம் கண்டதே.

வங்கக் கடலின் மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பானது. கீழே போகப் போகக் குளிர்ந்து, ஆயிரம் மீட்டரில் ஏறத்தாழ 6, 7 பாகை செல்சியஸுக்கு வந்துவிடும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஹைட்ரேட்டின் நிலைப்பு வளைகோட்டில் பொருத்திப் பார்த்தால், நம் கடலில் சுமார் 700 மீட்டருக்குக் கீழேதான் ஹைட்ரேட் நிலைக்க முடியும் என்று தெரிகிறது. இது மேல் எல்லை. சேற்றுக்குள் இறங்கினாலோ பூமியின் உள்வெப்பம் கூடிக்கொண்டே வரும். ஓர் ஆழத்தில் வெப்பம் அழுத்தத்தை வென்றுவிடும். அது கீழ் எல்லை. அதற்கு மேலே திட ஹைட்ரேட். கீழே சுதந்திரமான வாயு. கப்பலிலிருந்து ஒலியலைகளை அனுப்பினால் இந்தக் கீழ் எல்லை, கடலடித் தரையின் வடிவத்தையே நகலெடுத்தது போல, கடலடிக்கு இணையாக ஓர் எதிரொலிக் கோட்டைக் காட்டும். ஹைட்ரேட்டைத் தேடுவோர் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான்.

கிருஷ்ணா-கோதாவரிப் படுகை

நம் நாட்டில் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டம் 1997-இல் தொடங்கப்பட்டது. 2006 ஏப்ரல் இறுதியில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் துளைக் கப்பல் மும்பையிலிருந்து புறப்பட்டு, 113 நாட்கள் நம் கடல்களில் துளையிட்டு, ஆகஸ்டில் சென்னைத் துறைமுகத்தில் பயணத்தை முடித்தது. கொங்கண்-கேரளக் கரைக்கப்பால், கிருஷ்ணா-கோதாவரி முகத்துவாரங்களுக்கு அப்பால், மகாநதிக்கு அப்பால், அந்தமானுக்கு அருகில் என்று 21 இடங்களில் துளையிட்டார்கள்.

அவற்றுள் பத்தாம் எண் இடமே புகழ்பெற்றது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில், ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலான ஆழத்தில், களிமண்ணின் வெடிப்புகளுக்குள் ஏறக்குறைய 130 மீட்டர் தடிப்புக்கு ஹைட்ரேட் அடைந்து கிடந்தது. மணலில்தான் வாயு தேங்கும் என்று நினைப்போம். இங்கே களிமண் வெடித்து, வெடிப்பு முழுவதும் வெண்ணிற ஹைட்ரேட் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. இந்த வெடிப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஆண்டு, 2007 மே மாதத்தில், மரியான் டுஃப்ரேன் என்ற பிரெஞ்சு ஆய்வுக் கப்பல் இதே படுகையில் நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி ஒரு மண்தூணை எடுத்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் அதை ஆராய்ந்தார்கள். கடலடித் தரையிலிருந்து 16 முதல் 20 மீட்டர் கீழே, திடீரென்று சுண்ணாம்புப் பொருள் மிகுந்த ஓர் அடுக்கு. அதற்குள் கலிப்டோஜீனா என்னும் சிப்பியின் ஓடுகளும், சிறு புகைபோக்கி போன்ற சுண்ணாம்புக் குழல்களும், பைரைட்டும் கிடந்தன.

இந்தச் சிப்பி சாதாரணச் சிப்பி அன்று. சூரிய ஒளியால் விளையும் உணவை அது நம்பியிருப்பதில்லை. ஆழ்கடல் சேற்றில் மீதேனை நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு ஆக்சிஜன் இன்றியே எரிக்கின்றன. அதில் பைகார்பனேட்டும் சல்பைடும் பிறக்கும். சல்பைடை உண்டு வாழும் பாக்டீரியாக்களைத் தன் செவுள்களில் குடிவைத்துக்கொண்டு, அவை தரும் உணவில் இச்சிப்பி வாழ்கிறது. பைகார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகிறது. எனவே இச்சிப்பி இருந்த இடத்தில் வாயுக் கசிவு இருந்தது என்பது உறுதி. கல்லே மற்றொரு சாட்சியும் சொல்கிறது: மீதேனில் எடை மிகுந்த கார்பன் 13 மிகக் குறைவு; அந்தச் சுண்ணாம்புக் கல்லிலும் அவ்வாறே மிகக் குறைவாக இருந்தது. யுரேனியம்-தோரியம் முறையில் அக்கல்லின் வயதைக் கணித்தபோது 46,000 ஆண்டு என்றும் 53,000 ஆண்டு என்றும் கிடைத்தது. 2009-இல் இம்முடிவுகள் வெளியாயின.

கடலடியில் இறந்துபோன ஒரு கசிவின் கல்லறையைத் தோண்டி அதன் ஆண்டைப் படித்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். படித்த நாள் முதல் எனக்கு இது பெரும் வியப்பு. பின்பு, உயிருள்ள கசிவும் கிடைத்தது. இதே படுகையில் ஏறக்குறைய 1,750 மீட்டர் ஆழத்தில், சேற்றின் மேலடுக்கிலேயே ஹைட்ரேட்டும், அதைச் சுற்றிச் சிப்பி முதலான உயிர்க்கூட்டமும் உள்ளதை அதே நிறுவனத்தார் 2019-இல் அறிவித்தனர். இந்தியக் கடற்பகுதியில் இத்தகைய கசிவு பதிவானது அதுவே முதன்முறை.

பாரம் குறைந்ததாலா?

46,000 முதல் 53,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடப் பல பத்து மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆகவே, பாரம் குறைந்தது, ஹைட்ரேட் உடைந்தது, வாயு வந்தது, சிப்பி வாழ்ந்தது என்று நான்கே வாக்கியத்தில் கதையை முடித்துவிடலாம் போலத் தோன்றும். சில சொற்பொழிவுகளில் இப்படித்தான் முடிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இதை ஏற்றுக்கொள்வது சரியாகாது.

பத்தாம் இடத்தையே எடுத்துக்கொள்வோம். நீரின் ஆழம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். ஹைட்ரேட்டின் கீழ் எல்லை சேற்றுக்குள் 160 மீட்டர் கீழே. அங்கே அழுத்தம் சுமார் 120 வளிமண்டலம். கடல் 120 மீட்டர் இறங்கினால் 12 வளிமண்டலம் குறைந்து 108 ஆகும். நிலைப்பு வளைகோட்டைப் பார்த்தால், இந்த அழுத்தங்களில் பத்தில் ஒரு பங்கு குறைவுக்கு, ஹைட்ரேட் தாங்கக்கூடிய வெப்பநிலை ஏறக்குறைய ஒரு பாகை இறங்குகிறது. சேற்றில் ஒரு கிலோமீட்டருக்கு 45 பாகை வீதம் வெப்பம் கூடுகிறது என்று கொண்டால், ஒரு பாகை என்பது 20 மீட்டரைச் சற்று மேலாகத் தொடும். அதாவது 160 மீட்டரில் இருந்த கீழ் எல்லை 140 மீட்டருக்கு ஏறும்; இடைப்பட்ட 20 மீட்டர் அடுக்கின் ஹைட்ரேட் வாயுவாகும். இது சிறியதன்று. ஒரு கன மீட்டருக்கு 164 கன மீட்டர் என்பதை மறக்க வேண்டாம். ஆழத்தில் அந்த வாயு நசுங்கியே இருக்கும் என்றாலும், களிமண்ணை உள்ளிருந்து நெம்பப் போதுமானது.

ஆனால் கடல் 120 மீட்டர் இறங்கிய காலம் எத்தகைய காலம்? பனிக்காலம். ஆழ்கடல் நீரும் அப்போது இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருந்தது. நம் கணக்கின்படி ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 120 மீட்டர் நீர்மட்ட இறக்கத்துக்கு இணையானது ஒரே ஒரு பாகை வெப்பம். ஆக, பாரம் குறைந்து ஹைட்ரேட் ஒரு பக்கம் தளர்ந்தால், குளிர்ச்சி அதைவிட வலுவாக மறுபக்கம் இறுக்கியிருக்கும். பனி உருகிய காலத்திலும் இதே இழுபறிதான்: கடல் ஏறியது இறுக்கியது, நீர் வெதுவெதுத்தது தளர்த்தியது. கடல்மட்டம் ஒருபோதும் தனியாக வருவதில்லை. தன் எதிரியையும் கூட்டிக்கொண்டே வருகிறது. இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன்.

இருவரும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பது உண்மை. அழுத்தம் உடனே இறங்கும். வெப்பமோ குளிரோ 160 மீட்டர் சேற்றை ஊடுருவ ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டு ஆகும். கடல்மட்டம் சட்டென்று இறங்கியிருந்தால் பாரமே முந்திக்கொள்ளும். கடலோ பல்லாயிரம் ஆண்டுகளாகத் தயங்கித் தயங்கியே இறங்கியது. குளிருக்கு எட்டிப் பிடிக்க வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது.

2009-இல் அச்சிப்பி அடுக்கை வெளியிட்டவர்களே கடல்மட்டத்தின் மேல் பழியைப் போடவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அடியிலுள்ள இளகிய களிமண் மேற்சுமையால் பிதுங்கி, குன்று போல் மேலெழும்புகிறது. அப்போது மேலுள்ள அடுக்குகள் வெடிக்கின்றன. அந்த வெடிப்புகளின் வழியே வாயு ஏறியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பத்தாம் இடத்தில் ஹைட்ரேட் நிரம்பியிருந்த வெடிப்புகளை இப்போது நினைவுகூரலாம். மேலும், பாரக் குறைவே முழுக் காரணம் என்றால் கடல் மிகமிகத் தாழ்ந்த 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய படிவில் அல்லவா மிகப் பெரிய சிப்பி அடுக்கு இருக்க வேண்டும்? அம்மண்தூணில் சுண்ணாம்பு மிகுந்தது அதைவிட நெடுங்காலம் முந்திய அடுக்கில்.

அதற்காகக் கடல்மட்டத்தை முழுவதும் விடுதலை செய்துவிடவும் நான் ஆயத்தமாக இல்லை. அதற்கு இன்னொரு கை உண்டு. கடல் உயர்ந்திருக்கும்போது கிருஷ்ணையும் கோதாவரியும் கொண்டுவரும் வண்டல் பெரும்பாலும் கரையோரத்தில், டெல்டாவில் தங்கிவிடுகிறது. கடல் இறங்கினால் கரை வெகுதொலைவு விலகி, ஆறுகள் கண்டத் திட்டின் விளிம்பு வரை ஓடி, தம் சேற்றை நேரே ஆழ்கடல் சரிவில் கொட்டும். இப்படுகையில் படிவுகள் சில இடங்களில் எட்டுக் கிலோமீட்டர் தடிப்பு உள்ளவை. விரைந்து குவியும் புதுச் சேறுதான் அடிக்களிமண்ணைப் பிதுக்குகிறது. நீரின் பாரம் இறங்குகிறது, சேற்றின் பாரம் ஏறுகிறது. களிமண் குன்றும் கடல்மட்டமும் இரு வேறு காரணங்கள் என்று பிரித்துவைப்பதைவிட, பின்னது முன்னதின் வழியாகவும் வேலை செய்திருக்கலாம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

குளிர்ச்சியின் குறுக்கீடு இல்லாமல் பாரம் மட்டும் குறைந்த இடம் உலகில் உண்டா என்று தேடினால், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போக வேண்டும். அதன் மேற்குக் கரைக்கு அப்பால் 150 முதல் 400 மீட்டர் ஆழத்தில் 250-க்கும் மேற்பட்ட குமிழி ஊற்றுகள் இருப்பதாக 2009-இல் செய்தி வந்தபோது, பூமி சூடாவதன் முதல் அபாயச் சங்கு என்று பலர் எழுதினர். 2014-இல் அங்குள்ள சுண்ணாம்புக் கற்களின் வயதைப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது 3,000 ஆண்டுப் பழமை. 2018-இல் சேற்றைத் துளைத்து ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணம் அழகானது. பனிக்காலத்தில் அத்தீவுகளின் மீது கிடந்த பனிப்பாளம் தரையை அமுக்கி வைத்திருந்தது. பனி விலகியதும், ஆள் எழுந்த இலவம்பஞ்சு மெத்தை மெல்ல உப்புவதைப் போல, தரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எழும்பியது. தரை எழுந்தால் அதன்மேல் நீரின் ஆழம் குறையும். அது கடல்மட்டம் இறங்கியதற்குச் சமம். நிலைப்பு எல்லையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஹைட்ரேட் அதனால் உடைந்தது. அவர்கள் சேற்று நீரில் உப்பு குறைந்திருந்ததைக் கண்டார்கள். ஹைட்ரேட்டின் கூண்டில் உப்புக்கு இடமில்லையாதலால், அது உடைந்தால் நன்னீர் வெளிவரும்.

வெடிக்குமா?

இக்கட்டுரைக்காக நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் பெரியப்பா கேட்டார்: “ஏம்மா, கடலுக்கு அடியில கேஸ் இருக்காமே? கடல் சூடாகி அது வெடிச்சா நம்ம குப்பம் என்ன ஆவுறது?” அவர் கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தி அப்படிச் சொல்கிறதாம். 2004 டிசம்பரைக் கண்ணால் கண்டவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், கடலைப் பற்றிய ஐயங்களுக்கும் இப்போது நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலை எனக்குக் காட்டியவரே அவர்தான் என்றாலும்.

அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய 1993 முதல் முப்பது ஆண்டுகளில் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அழுத்தத்தில் அது ஒரு வளிமண்டலத்தின் நூறில் ஒரு பங்கு. பத்தாம் இடத்தின் 120 வளிமண்டலத்துக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. அதுவும் வாயுவை இறுக்கும் பக்கமே நிற்கிறது. தளர்த்தக்கூடியது வெப்பம். ஆயினும் ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் மெதுவாகவே சூடாகும். அது சேற்றின் அடி எல்லையை எட்ட ஆயிரம் ஆண்டுகள் வேண்டும் என்று கண்டோம். மேலே வரும் குமிழியும் வழியிலேயே நீரில் கரைந்து, பெரும்பகுதி நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடும். பட்டினப்பாக்கத்துக்குக் கடலால் வரும் தொல்லை கரையரிப்பும் புயலும்தான், வாயு அன்று. ஆழம் குறைந்த வடதுருவக் கடல்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே ஹைட்ரேட் எல்லையின் ஓரத்திலேயே நிற்கிறது.

என் தாயார் கேட்டது நடைமுறைக் கேள்வி: அந்த கேஸ் நம் வீட்டு சிலிண்டருக்கு வருமா? இன்றுவரை எந்த நாடும் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வணிக முறையில் வாயு எடுக்கவில்லை. சோதனைகள் நடந்திருக்கின்றன. 2013-இல் ஜப்பான், தன் நான்காய் அகழிப் பகுதியில் துளையிட்டு, கிணற்றின் நீரை இறைத்து, அடியிலிருந்த அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்காக்கியது. ஹைட்ரேட் உடைந்து வாயு வந்தது. ஆறாம் நாள் மணல் கிணற்றை அடைக்க, வேலை நின்றது. இதில் என்னைக் கவர்ந்தது முறைதான். இறைப்பதன் மூலம் ஒரு கிணற்றின் அடியில் மட்டும் கடல்மட்டத்தைப் பல நூறு மீட்டர் தாழ்த்தியிருக்கிறார்கள். பனிக்காலம் பல்லாயிரம் ஆண்டுகளில், குளிரையும் சேர்த்துக்கொண்டு செய்ததை, இவர்கள் குளிர் இல்லாமல் ஒரு வாரத்தில் செய்தார்கள். நம் பக்கத்தில் இம்முயற்சிக்கான கருவிகளை உருவாக்கும் இடங்களுள் ஒன்று பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 1993-இல் தொடங்கிய இந்நிறுவனம் ரஷ்யர்களோடு சேர்ந்து உருவாக்கிய, 6,000 மீட்டர் வரை இறங்கவல்ல ரோசப் என்னும் ஆளில்லாக் கருவி கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலும் இறங்கியிருக்கிறது. வேளச்சேரி-தாம்பரம் சாலையில் பேருந்தில் போகும் நம்மில் பலர் அதன் வாயிலைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம்.

இனி, கடல்மட்டத்தின் பங்கை நம் கடலிலேயே அளந்து பார்க்க ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 120 மீட்டர் என்பது 1,750 மீட்டர் ஆழத்தில் நூற்றுக்கு 7 பங்கு. ஆயிரத்தில் 12 பங்கு. 700-இல் 17 பங்கு. நீர்ப்பாரமே முதன்மைக் காரணம் என்றால், ஆழம் குறைந்த சரிவில் எடுக்கும் சிப்பி அடுக்குகளின் வயது கடல் தாழ்ந்த காலங்களில் குவிய வேண்டும். ஆழம் கூடக்கூட அக்குவிப்பு சிதறிப் போக வேண்டும். களிமண்ணின் பிதுக்கமே முதன்மை என்றால், வயதுகள் ஆழத்தைப் பொருட்படுத்தாமல் அந்தந்தக் குன்று எழுந்த காலத்தையே காட்டும். இதற்கு ஒரு மண்தூண் போதாது. 700 மீட்டரிலிருந்து 1,800 மீட்டர் வரை சரிவில் வரிசையாகத் தூண்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள சுண்ணாம்புக் கல்லுக்கு யுரேனியம்-தோரியம் வயது பார்க்க வேண்டும்.